கதவோரப் பாய்

நுவரெலியாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னபோது எங்கள் ஊரில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். "குளுகுளு எண்ட இடம். குடுத்து வைச்சனி பிள்ளை" என்றார் பக்கத்து வீட்டு மாமி. கிளிநொச்சி வெயிலில் நின்று யோசிக்கும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது. குளிர் என்பது சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்து அனுபவிக்கப் போகும் ஒரு சுகம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். வாடகை வீட்டில், குறைந்த சம்பளத்தில், ஒரு நாள் தவறாமல் அதனோடு வாழ்வது எப்படியிருக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதற்குமான சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். தை, மாசி மாதங்களில் சில அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் பனி இல்லை. ஆனால் தென்மேல் பருவக்காற்றும் தூறலும் நாட்கணக்கில் விடாது. இந்த இரண்டில் எது கொடுமை என்று கேட்டால், எங்கள் வீட்டைப் பொறுத்தவரை காற்றுத்தான் என்பேன்.

நானும் அம்மாவும் 2021 மார்கழியில் அங்கு போனோம். நான் சமூகவியல் படித்தவள். பெண்களின் சேமிப்புக் குழுக்களோடும் குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களோடும் வேலை செய்வது என் தொழில். அம்மாவுக்கு அப்போது 63 வயது. 2009 இல் முள்ளிவாய்க்காலில் பட்ட செல் துண்டொன்று அவருடைய இடது காலில் இன்னமும் இருக்கிறது. எடுக்கப் போனால் நரம்பு போய்விடும் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். வெயிலில் அது பேசாமல் இருக்கும். குளிர் பட்டால் விழித்துக்கொள்ளும்.

வீடு தேடிய கதையைத் தனியாக எழுதலாம். போன இடமெல்லாம் ஒரே கேள்வி. "ரெண்டு பொம்பளைங்க மட்டுமா? ஆம்பளை யாரும் வர மாட்டாங்களா?" அப்பா எங்கே, கணவர் எங்கே என்று நின்ற நிலையில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் நகரத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக, மலைச்சரிவில் தனியாக நின்ற ஒரு பழைய வீடு கிடைத்தது. வாடகை 12,000 ரூபா. வீட்டுக்காரர் அதிகம் கேள்வி கேட்கவில்லை. அதற்கான காரணம் வீட்டுக்குள் போன முதல் இரவே விளங்கிவிட்டது.

தகரக் கூரை. அதன் கீழே இருந்த பலகைத் தட்டு பல இடங்களில் பெயர்ந்து போயிருந்தது. படுக்கும் அறை யன்னலில் இரண்டு கண்ணாடிகள் இல்லை. அந்த இடத்தில் மட்டைத் துண்டு செருகியிருந்தது. முன்கதவின் அடியில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. தரை வெறும் சீமெந்து. இரவில் காற்று அடிக்கும்போது கதவு தானாகப் பேசுவது போலச் சத்தம் போடும். எங்களிடம் ஒரு பாய் அம்மாவுக்கு, ஒரு பாய் எனக்கு, மூன்று போர்வைகள். அம்மா தன் பாயைக் கதவோரமாக விரித்தார்.

"நீ விடிய வேலைக்குப் போறனி. உள்ளுக்குப் படு" என்றார். நானும் மறுக்கவில்லை. சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் கதவோரம் படுப்பவர் அம்மாதான். கொட்டிலில் இருந்தபோதும் அப்படித்தான், இடம்பெயர்ந்து மரத்தடியில் இருந்தபோதும் அப்படித்தான். அது அவருடைய இடம் என்றே எனக்குப் பழகிவிட்டது.

எங்களுக்குத் தாங்கிக்கொள்வது புதிதல்ல. செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமில் 2009 ஆவணி மழைக்குத் தறப்பாளுக்குள் வெள்ளம் வந்தபோது, இரவிரவாக நனைந்த துணியோடு குந்தியிருந்தவர்கள் நாங்கள். அதைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு குளிரா? "சமாளிப்பம்" என்று அம்மா சொன்னார். "சமாளிப்பம்" என்று நானும் சொன்னேன். வாசகிகளான உங்களில் பலருக்கும் இந்தச் சொல் நன்றாகத் தெரிந்திருக்கும். எத்தனையோ இடங்களில் நம்மைக் காப்பாற்றிய சொல் அது. ஆனால் எல்லா இடத்திலும் அது காப்பாற்றாது என்பதை நான் அந்த வீட்டில்தான் படித்தேன்.

2022 ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சமையல் எரிவாயு இல்லை. மண்ணெண்ணெய்க்கு விடிய விடிய வரிசை. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டும் வந்தது. டீசல் இல்லாமல் பஸ் குறைந்தது. என் சம்பளம் அப்படியே நின்றது, சாமான் விலை மட்டும் ஏறியது. ஆடி மாதம் காற்று தொடங்கியபோது எங்களிடம் எரிபொருள் என்று இருந்தது கொஞ்ச விறகும், ஒரு சாக்குச் சிரட்டைக் கரியும்தான்.

அன்று பகல் முழுவதும் மழை. நான் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா காலைப் பிடித்தபடி சுவரோடு சாய்ந்திருந்தார். "முள்ளாக் குத்துது பிள்ளை" என்றார். அம்மா வாய் திறந்து வலியைச் சொல்வது மிகவும் அரிது. எனக்குப் பொறுக்கவில்லை. பழைய தாச்சியொன்றில் கரியைப் போட்டு, குசினியில் தணலாக்கி, படுக்கும் அறைக்குள் கொண்டுவந்து வைத்தேன். புகை அடங்கிய பிறகுதான் கொண்டுவந்தேன். புகைதான் ஆபத்து, தணலுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்தேன். கதவின் அடியில் சாக்கை அடைத்தேன். யன்னல் மட்டையின் இடுக்குகளில் பழந்துணி செருகினேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக அறை கதகதவென்று இருந்தது. அம்மா கால் நீட்டிப் படுத்தார். நானும் நிம்மதியாகக் கண் மூடினேன்.

எத்தனை மணியென்று தெரியாது. ஏதோ விழுந்த சத்தம் கேட்டு விழித்தேன். அம்மா வெளியே போக எழும்பி, கதவடியில் விழுந்து கிடந்தார். சத்தி எடுத்திருந்தார். நான் எழும்பப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. தலை பிளப்பது போல வலி. சாப்பாடு ஏதும் ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்போடு திரும்பப் படுத்திருந்தால் இன்று இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அம்மா அசையாமல் கிடந்த பயத்தில் தவழ்ந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். காற்று அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. ஏழு மாதமாக நான் திட்டிக்கொண்டிருந்த அதே காற்று.

என் கூக்குரல் கேட்டுக் கீழ் லயத்திலிருந்து ஓடி வந்தது, தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா. வந்தவுடன் தாச்சியைப் பார்த்தார். "ஐயோ மிஸ், கரிய உள்ள வச்சா படுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே சாரத் துண்டால் பிடித்து அதை வெளியே எறிந்தார். எங்கள் இருவரையும் இழுத்து முற்றத்துத் தூறலில் இருத்தினார். அவருடைய மருமகனின் முச்சக்கரவண்டியில், அவசரத்துக்கென்று போத்தலில் ஒதுக்கி வைத்திருந்த பெற்றோலை ஊற்றி எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் ஒரு போத்தல் பெற்றோல் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அம்மாவுக்கு ஒட்சிசன் கொடுத்தார்கள். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். டொக்டர் எனக்கு விளக்கினார். கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கிய தணலிலிருந்தும் அது வந்துகொண்டுதான் இருக்கும். நம் குருதியில் ஒட்சிசனைக் காவிச் செல்லும் ஈமோகுளோபினோடு, ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்று, சத்தி, கை கால் சோர்வு, நித்திரை. நித்திரையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாமலே முடிந்துவிடும். அறையை எவ்வளவு நன்றாக அடைக்கிறோமோ அவ்வளவு ஆபத்து. நான் அன்றிரவு மிகக் கவனமாகச் செய்த வேலை அதுதான்.

வீடு திரும்பிய அன்று அந்த அக்கா ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்.

"ஏழு மாசமா குளிர்ல கெடந்திருக்கீங்க. பக்கத்துல தானே நாங்க இருக்கோம். ஏன் மிஸ் எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

எனக்குப் பதில் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் கூட்டம் கூட்டி, "உங்கள் கஷ்டத்தை மனதுக்குள் வைத்திருக்காதீர்கள், வாய் திறந்து கேளுங்கள்" என்று அதே லயத்துப் பெண்களுக்குச் சொல்கிறவள் நான். என் வீட்டு யன்னலில் கண்ணாடி இல்லை என்பதை வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உதவி செய்ய வந்தவள் உதவி கேட்கலாமா என்ற எண்ணம். படித்தவள் என்ற எண்ணம். இதை விடக் கஷ்டமெல்லாம் பார்த்தவர்கள் நாங்கள் என்ற ஒரு விதமான பெருமையும் அதற்குள் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அக்காவின் பெரியம்மா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறியவர்கள். காட்டை வெட்டிக் குடியிருந்து, பிறகு யுத்தத்தில் எங்களைப் போலவே ஓடியவர்கள். "அங்க போன புதுசுல வெயில் தாங்க முடியலையாம். உங்க ஆளுங்கதான் வேப்பமரம் நட்டு வைக்கச் சொல்லிக் குடுத்தாங்களாம். இப்ப நாங்க உங்களுக்குக் குளிரச் சொல்லித் தாறோம்" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தார்.

அந்தக் கிழமையிலிருந்து அக்காவும் அவருடைய மாமியாரும் எங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். அந்த மக்கள் ஐந்தாறு தலைமுறையாகக் குளிரோடு வாழ்கிறவர்கள். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிக்குக் கங்காணி ஒரு கம்பளி கொடுப்பாராம், அதன் விலையையும் கடனில் எழுதி விடுவாராம். போர்த்திய கம்பளிக்கே கடன்பட்ட வரலாறு அவர்களுடையது. காசில்லாமல் குளிரை எப்படித் தடுப்பது என்பதை அவர்களை விட யார் நன்றாகச் சொல்ல முடியும்?

முதலாவது பாடம், வீட்டைச் சூடாக்கப் போகாதே, ஆளைச் சூடாக வைத்துக்கொள் என்பது. மின்சார ஹீட்டர் வாங்கலாமா என்று நான் கணக்குப் பார்த்திருந்தேன். 1,000 வாற்று ஹீட்டர் இரவில் எட்டு மணித்தியாலம் எரிந்தால் எட்டு அலகு. மாதத்துக்கு 240 அலகு. அலகு கூடக் கூடக் கட்டணமும் உயர்ந்த படிக்குப் போகும். 2022 ஆவணியில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 மாசியில் திரும்பவும் 66 வீதம் கூடியது. மண்ணெண்ணெயும் 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. ஓட்டையுள்ள வீட்டில் இதையெல்லாம் எரிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிறைப்பது போலத்தான்.

ஆகவே முதலில் ஓட்டையைக் கண்டுபிடித்தோம். அதற்கு அக்காவின் மாமியார் பயன்படுத்தியது ஓர் ஊதுபத்தி. காற்றடிக்கும் நேரத்தில் அதைக் கொளுத்தி, சுவரோரமாக, யன்னலோரமாக, கதவோரமாக மெதுவாகக் கொண்டுபோனார். புகை நேராக மேலே போனால் அந்த இடம் சரி. வளைந்து ஓடினால் அங்கே காற்று வருகிறது. எங்களுக்குத் தெரியாத ஒன்பது இடங்களைப் புகை காட்டித் தந்தது. சின்ன இடுக்குகளைப் பத்திரிகைத்தாளை மாப்பசையில் தோய்த்து அடைத்தோம். கதவடிக்கு, பழைய காற்சட்டையின் ஒரு காலை வெட்டி, இரண்டு முனையையும் தைத்து, உள்ளே பழந்துணியும் கொஞ்ச மணலும் நிரப்பி ஒரு நீளத் தலையணை போலச் செய்தோம். படுக்கும்போது அதைக் கதவடியில் தள்ளிவிட்டால் போதும். யன்னலுக்கு உட்புறமாகத் தடித்த பொலித்தீனைச் சட்டம் வைத்து அடித்தோம். கண்ணாடிக்கும் பொலித்தீனுக்கும் இடையில் அசையாமல் நிற்கும் காற்றே ஒரு போர்வையாகிவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் அடைக்க அக்கா விடவில்லை. குசினிப் பக்கம் கூரையோரமாக இருந்த ஓர் இடைவெளியைக் காட்டி, "இது இருக்கட்டும் மிஸ். வீடும் மூச்சு விடணும்" என்றார். சுத்தமான காற்று வர ஒரு வழி இல்லாவிட்டால் ஈரம் தங்கும், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், இழுப்புக்காரருக்கு வருத்தம் கூடும். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தவளுக்கு இதை இரண்டாம் தரம் சொல்லத் தேவை இருக்கவில்லை.

இரண்டாவது பாடம் படுக்கை. நாங்கள் மூன்று போர்வையையும் மேலே போர்த்துக்கொண்டு, கீழே ஒரு பாயோடு கிடந்தோம். அக்கா அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். சீமெந்துத் தரை உடம்புச் சூட்டை இரவு முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்த்தாலும் கீழே தடுப்பு இல்லாவிட்டால் பயனில்லை. நன்றாகக் கழுவிக் காயவைத்த உரப்பைகளை முதலில் விரித்தோம், தரையின் ஈரம் மேலே வராமலிருக்க. அதன் மேல் கடைகளில் கிடைக்கும் மட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்கு. அதன் மேல் ஒரு போர்வை, பிறகு பாய். ஒவ்வொரு நாளும் காலையில் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்திக் காயவிட வேண்டும். விட்டால் அடியில் ஈரம் பிடித்துவிடும். பலகைக் கட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, மூன்று அறைகளிலும் வாழ நினைக்காமல் ஓர் அறையில் வாழ்வது. குசினியோடு ஒரே சுவரைப் பகிரும் சின்ன அறைக்கு மாறினோம். மாலையில் தேயிலை மிலாறு எரித்துச் சமைக்கும்போது அந்தச் சுவர் சூடேறும், படுக்கும் நேரம் வரை கதகதப்பாக இருக்கும். அடுப்பு குசினியிலேயே இருக்கும், குசினி யன்னல் திறந்திருக்கும், இடைக்கதவு மூடியிருக்கும். தணல் ஒருநாளும் படுக்கும் அறைக்குள் வராது. பெயர்ந்துபோன தட்டுக்குக் கீழே சாக்குகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டினோம். தகரத்திலிருந்து சொட்டும் குளிர்ந்த நீரும் நின்றது.

நான்காவது, ஈரம். நனைந்த உடுப்போடு ஐந்து நிமிடம் நிற்பதும் காசை எறிவதும் ஒன்றுதான் என்பார் அக்கா. பருத்தித் துணி நனைந்தால் சூட்டைப் பிடித்து வைக்காது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும். வேலையால் வந்தவுடன் எல்லாவற்றையும் மாற்றி, தலையைத் துவட்டி, காய்ந்த காலுறை போட வேண்டும். தடித்த ஒன்றை விட மெல்லிய மூன்று நல்லது. நுவரெலியா நகரத்துப் பேல் பஜாரில் கம்பளித் தொப்பியும் காலுறையும் மலிவாக வாங்கினோம். அம்மா முதலில் தொப்பி போட மறுத்தார். "இதென்ன கோலம்" என்றார். ஒரு கிழமையில் அதைக் கழற்ற மறுத்தார். ஈரத் துணியைப் படுக்கும் அறைக்குள் காயப்போடுவதையும் நிறுத்தினோம். வெயில் எட்டிப் பார்க்கும் ஒரு மணித்தியாலத்துக்கு எல்லா யன்னலையும் திறந்துவிடுவோம்.

ஐந்தாவது, செங்கல். அடுப்பருகே வைத்துச் சூடேற்றிய செங்கல்லைத் தடித்த துவாயில் சுற்றி, படுப்பதற்கு அரை மணித்தியாலம் முன் போர்வைக்குள் வைத்தால் பாய் சூடாகிவிடும். படுக்கும்போது எடுத்துவிட வேண்டும். இதில் எனக்கு ஒரு கவனம் தேவைப்பட்டது. அம்மாவின் இடது காலில் சில இடங்களில் உணர்வு குறைவு. சூடு பட்டாலும் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காயப்பட்ட கை கால் உள்ளவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் சூடான எதையும் உடம்பில் நேரே வைக்காதீர்கள். உங்கள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் நான் செலவழித்ததை எழுதி வைத்திருக்கிறேன். பொலித்தீன் 1,000 ரூபா, சட்டமும் ஆணியும் 450, சாக்குகள் 240, தொப்பி காலுறை 900. எல்லாமாக 2,590 ரூபா. மிச்சமெல்லாம் கழிவுப் பொருளும் நான்கு பெண்களின் இரண்டு சனி ஞாயிறும்.

யன்னல் கண்ணாடி மட்டும் மிச்சம் இருந்தது. அதை வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். இத்தனை மாதம் கேட்காததற்குக் காரணம் பயம். கேட்டால் எழும்பச் சொல்லிவிடுவார், இரண்டு பெண்கள் திரும்ப வீடு தேட வேண்டும் என்ற பயம். அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தன்னிடம் இப்போது காசில்லை என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம், அந்த வருடம் யாரிடம்தான் இருந்தது? நாங்களே கண்ணாடி போடுகிறோம், செலவான 1,600 ரூபாவையும் இரண்டு மாத வாடகையில் பாதி பாதியாகக் கழித்துக்கொள்கிறோம் என்றேன். கொஞ்சம் யோசித்துச் சம்மதித்தார். ஒரு தாளில் திகதி போட்டு, என்ன வேலை, எவ்வளவு காசு என்று எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம். கடைப் பற்றுச்சீட்டையும் அதோடு குத்தி வைத்தேன். எல்லா வீட்டுக்காரரும் இப்படிச் சம்மதிப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பதற்கு முன்பே நாமே அவருடைய பதிலையும் சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிடக் கூடாது.

2023 தையில் புல்லில் பனி பூத்த ஒரு காலை வந்தது. நான் எழும்பியபோது அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கால் வலி முற்றாகப் போகவில்லை, அந்தத் துண்டு இருக்கும்வரை போகவும் போகாது. ஆனால் இரவில் எழும்பி உட்கார்ந்து காலைத் தேய்ப்பது குறைந்திருந்தது.

அந்த மாதக் கூட்டத்தில் என் கதையைப் பெண்களுக்கு ஒளிக்காமல் சொன்னேன். மிஸ் வீட்டிலும் கண்ணாடி இல்லையா என்று ஆச்சரியப்பட்டார்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் வீட்டில் கதவோரம் படுப்பவர் யார்?" கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஏறக்குறைய எல்லோரும் கை உயர்த்தினார்கள். ஒரு தங்கச்சி சொன்னாள், தன் வீட்டில் மூன்று போர்வை, ஒன்று புருஷனுக்கு, ஒன்று மாமிக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு, தனக்கு ஒரு பழைய சேலை என்று. காய்ச்சல் வரும் வரைக்கும் யாரும் அதைக் கவனித்ததில்லையாம். அவளும் சொன்னதில்லையாம். சமூகவியலில் வறுமையைக் குடும்பத்தின் வருமானத்தை வைத்து அளக்கப் படித்தோம். ஒரே குடும்பத்துக்குள் ஒரே கூரையின் கீழ் குளிர் கூட எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதை அந்தத் தங்கச்சிதான் எனக்குப் படிப்பித்தாள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மலையகத்தில் எத்தனையோ வீடுகளைக் கொண்டுபோயின. உறவினர் வீட்டுத் தரையிலும் அவசரத்துக்கு எடுத்த வாடகை அறைகளிலும் படுத்தவர்களை நான் வேலை நிமித்தம் சந்தித்திருக்கிறேன். வன்னியிலும் தகரக் கொட்டிலில் மார்கழிப் பனியைக் கடத்தும் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் சொல்ல விரும்புவது இரண்டே விடயம்.

ஒன்று, எந்தக் குளிரிலும் கரித் தணலையோ எரியும் மண்ணெண்ணெய் அடுப்பையோ படுக்கும் அறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி, சத்தி, மயக்கம் வந்தால் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டு 1990 இலவச அம்புலன்ஸுக்கு எடுங்கள். சுகமாகிவிட்டது போலத் தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றது, இன்றிரவு படுக்கும்போது கதவோரம் யார் இருக்கிறார் என்று ஒருதரம் பாருங்கள். அது உங்கள் அம்மாவாக இருந்தால் பாயை உள்ளே இழுத்துப் போடுங்கள். அது நீங்களாக இருந்தால் வீட்டிலுள்ளவர்களிடம் சொல்லுங்கள். விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது கதவோரம் அந்த மணல் அடைத்த காற்சட்டைக் கால்தான் படுத்திருக்கிறது. அம்மா குசினிச் சுவரோரமாகப் படுக்கிறார், தொப்பியைக் கழற்றாமல்.